உதிர்வதற்கு உத்தரவாதம்

புதுவயலில், அரிசி ஆலைத் தவிட்டுத் தூசி
இலைமேல் வந்து படியும் இடத்தில்
என் நாற்றங்கால்.
போர்டில் ரோஜா படம் இருக்கிறது.
உள்ளே ரோஜா இல்லை.

ஆடியில் பொறுக்கிய இலுப்பைக் கொட்டை
வட்டிக்காரனைப் போல் அவசரப்படுத்தும்,
ஒரு மாதம் தள்ளினால் முளைக்காது.
உசில் விதைக்கு வெந்நீரில் ஓர் இரவு.
அரப்புப்பொடி இந்த மரத்து இலைதான் என்றால்
வாங்க வந்தவர்கள் நம்பாமல்
முகர்ந்து பார்க்கிறார்கள்.
மஞ்சக்கடம்பு விதை மூக்குப்பொடி மாதிரி,
நான் ஒருமுறை தும்மி
ஒரு காட்டைத் தொலைத்திருக்கிறேன்.

வயிரவன் கானாடுகாத்தானில் வீட்டுக்காரர்,
சிங்கப்பூரில் வேலைக்காரர்.
ஊரணிக்கு மேற்கே இரண்டு ஏக்கர் சரளை மண்.
ஐப்பசி மழைக்கு முன்னால்
நாற்பது கன்று வாங்கினார்.
'இதெல்லாம் கோடையில் இலை கொட்டும்' என்றேன்.
தலையாட்டினார்.
காதில் போன் இருந்தது,
யாருக்கு ஆட்டினாரோ.

மாசிக் கடைசியில் வீடியோ அழைப்பு.
'அடைக்கலமேரி, எல்லாம் செத்துப்போச்சு.
காசைத் திருப்பிக் கொடுங்க.'
திரையில் வரிசையாகக் குச்சிகள்,
ஒவ்வொன்றின் காலடியிலும்
கருகிய இலை ஒரு கைப்பிடி.
கேமரா ஆடியபோது ஓரத்தில்
காவல்காரர் பொன்னழகின் ரப்பர் செருப்பும்
ஒரு மண்வெட்டியும் தெரிந்தன.

அதைப் பார்த்துத்தான் வண்டியை எடுத்தேன்.

போவதற்குள் பதினொன்றைப் பிடுங்கியிருந்தார்.
தேங்காய்க் கயிற்றால் கட்டி
வெந்நீர் அடுப்புக்கு அருகே சாத்தியிருந்தார்,
அவ்வளவு சீராக,
திட்ட வாய் வரவில்லை.
நின்றிருந்த ஒரு வெப்பாலையைக்
கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறினேன்.
பச்சை.
வெள்ளரிக்காயின் தோலுக்கு அடியில் இருக்குமே,
அந்த ஈரப் பச்சை.

பொன்னழகு குனிந்து பார்த்தார்.
பிறகு தன் நகத்தைப் பார்த்தார்.
பிறகு அந்தக் கட்டைப் பார்க்காமல் இருக்க
மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.
அவரிடம் மாடு கிடையாது.

படம் எடுத்து அனுப்பினேன்.
'சரி, எப்ப துளிர்க்கும்?'
'தெரியாது' என்றேன்.
'பங்குனி போகட்டும். இல்லையென்றால் காசு தருகிறேன்.'
அந்தக் காசு ஏற்கெனவே
எருவாகவும் பாலித்தீன் பையாகவும் மாறியிருந்தது.
அதைச் சொல்லவில்லை.

பிடுங்கியதில் ஏழு உள்ளேயும் பழுப்பு.
நான்கை ஈரச் சாக்கில் சுற்றி
வண்டியின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தினேன்.
பள்ளத்தூர் தாண்டி டீக்கடையில்
ஒருவர் கேட்டார், 'சுள்ளி என்ன விலை?'
கன்று என்றேன்.
அவர் சிரித்தது நியாயம்தான்.

இரவில் எனக்கே சந்தேகம்.
டார்ச்சோடு எழுந்து போய்க்
கீறிய இடத்துக்குப் பக்கத்திலேயே
இன்னொரு கீறல்.
மூன்றாம் நாள் கைகளைக் கட்டிக்கொண்டேன்.
இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால்
என் நகமே அவற்றைக் கொன்றுவிடும்.

ஒன்று போயிற்று. மற்றொன்றும்.
மீதி இரண்டும் எதுவும் சொல்லவில்லை.
பில் புத்தகத்தில் புதிதாக ஒரு வரி
ரப்பர் ஸ்டாம்ப் அடித்து வாங்கினேன்:
இலை கொட்டும். பிடுங்க வேண்டாம்.

பங்குனி பாதியில்
காலை ஆறு மணிக்கு ஒரு குரல் செய்தி.
வயிரவன் இல்லை, பொன்னழகு.
பின்னால் மயில் கத்துகிறது,
மூச்சு வாங்க, ரகசியம் போலப் பேசுகிறார்:
'அக்கா, அந்த இலுப்பையில
நுனியில என்னமோ செவப்பா வந்திருக்கு.
செம்புக்காசு நிறத்துல.
பளபளங்குது.
நோயா?
மருந்து அடிக்கவா?'

வேண்டாம் என்று எழுதப் போனேன்.
கையெல்லாம் நாற்றங்கால் தண்ணீர்,
விரலைத் திரை ஏற்கவில்லை.
பாவாடையில் துடைத்துக்கொண்டே
சாவியைத் தேடினேன்.